சங்கத்து ஐஸ் உருகுது

"ஐஸ் இண்டைக்கும் குறைஞ்சு போய்க் கிடக்கு, சிவலட்சுமி. ஆர் களவெடுக்கிறது?"

மீனவர் சங்கத் தலைவர் ஆதம்பாவா இப்படிக் கேட்டபோது, கிளாக்கர் சிவலட்சுமி கணக்குக் கொப்பியால் விசிறிக்கொண்டிருந்தாள். வயிற்றில் கிளம்பிய சூடு நெஞ்சைத் தாண்டிக் கழுத்துக்கு வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சத்தில் முகம் சிவந்து, சேலை முதுகோடு ஒட்டிவிடும். ஐம்பது வயதில் இந்தப் பாழாய்ப்போன சூடு வேறு. முருங்கன் ஆஸ்பத்திரியில் டொக்டர், "இது வருத்தமில்லையம்மா, தீட்டு நிக்கிற வயசு, சமாளியுங்கோ" என்று அனுப்பிவிட்டார். தகரக் கூரைக்குக் கீழே, ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, இத்தனை ஆம்பிளையளுக்கு நடுவில் எப்படிச் சமாளிப்பதென்று அந்த மனுசன் சொல்லவில்லை.

"கதவு றப்பர் பழுதாக்கும்," என்றாள்.

கள்ளர் வேறு யாருமில்லை, அவளேதான். சண்டை முடிந்து மீள்குடியேறிய பிறகு அந்த முசலிக் கரையில் சங்கத்துக்குக் கிடைத்த ஒரே நல்ல கட்டடம் ஐஸ் அறை. மன்னாரிலிருந்து லொறியில் வரும் ஐஸ் பாளங்களை அதற்குள் அடுக்குவார்கள். ஒருநாள் சூடு தாங்க முடியாமல் உள்ளே நுழைந்தவள், கதவு இறுகிக்கொண்டால் செத்தேன் என்ற பயத்தில் அதைக் கொஞ்சம் திறந்தே விட்டாள். அன்று தொடங்கிய பழக்கம். தினமும் காலைத் தேத்தண்ணி முடிந்ததும் நைசாகப் போய்விடுவாள்.

உள்ளே கவிழ்த்து வைத்த மீன்பெட்டி ஒன்று இருந்தது. அதன்மேல் சாக்கு ஒன்று மெத்தைபோல மடித்துப் போட்டிருந்தது. ஐஸ் அறைக்காரர் சாஹுல் ஹமீட் தன் வசதிக்குப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். விடியவும் பொழுதுபடவும் படகுகளுக்கு ஐஸ் கொடுப்பதோடு அவர் வேலை சரி. அவள் போகிற நேரத்தில் ஒரு குஞ்சு குருமான்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கடவுளாகப் பார்த்துத் தந்த இடம் என்றே இருந்தாள்.

றப்பர் மாற்றினார்கள். ஐஸ் குறைந்தது.

"பூட்டுப் போடுவம்," என்றார் ஆதம்பாவா.

பூட்டு வந்தது. ஒரு திறப்பு சிவலட்சுமியின் கையில். மற்றது, தேத்தண்ணி ஊற்றும் இராசம்மாவின் அலுமாரியில். சாஹுல் ஹமீட்டும் ஐஸ் கொடுக்கிற நேரம் அதைத்தான் வாங்கித் திறந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இராசம்மா வாயைத் திறந்து நாலு வார்த்தை கதைத்ததை சங்கக் கந்தோரில் யாரும் கேட்டதில்லை. பத்திரமான ஆள்.

திறப்பே கையில் இருந்தால் மனம் கேட்குமா? சிவலட்சுமி இன்னும் கொஞ்சநேரம் கூடுதலாக இருந்தாள். ஐஸ் இன்னும் குறைந்தது.

படகுக்காரன் சுபாஸ்கரன் மீன்பெட்டியோடு வந்து நின்றான். "அக்கா, ஐஸ் காணாமல் மீனெல்லாம் நெகிழ்ந்து போச்சு. சந்தையில ஒருத்தரும் தொடுறாங்களில்லை."

அவளுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று, அடுத்த நாள் ஈரத் துவாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கதிரையிலேயே இருந்தாள். அன்றைக்குப் பார்த்துக் கரைவலைக்கு முறை பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு வலைதான் இழுக்கலாம், ஆளுக்கு ஆள் முறை. சூட்டில் கண் இருட்டி, ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டாள். மறுநாள் கடற்கரையில் இரண்டு வலைக்காரரும் வலையை விட்டுவிட்டு ஆளையாள் சேட்டுக் கொலரில் பிடித்தார்கள்.

அவர்களை விலக்கிவிட்டு வந்த கையோடு, களைத்துப்போய்த் திரும்பவும் ஐஸ் அறைக்குள் போய் இருந்தாள்.

அந்தக் கிழமையே ஆதம்பாவா கூட்டம் வைத்தார்.

"சாஹுல் நானா கள்ளத் திறப்பு வச்சிருக்கிறார் எண்டு சனம் கதைக்குது. அவர் இனி வேலைக்கு வர வேண்டாம்."

சாஹுல் ஹமீட் எழும்பினார். "அல்லாஹ் அறிய நான் ஒரு துண்டும் எடுக்கல்ல, தலைவர். இருவது வருசம் புத்தளத்தில அகதியாக் கிடந்திட்டு இப்பத்தான் ஊரில கால் வச்சனான். இந்த வேலை போனா நான் திரும்பவும் அங்கதான் போகோணும்."

சிவலட்சுமி கூட்டக் குறிப்பு எழுதிய பேனையை மூடினாள். தன் மானத்தைக் காப்பாற்ற ஒரு மனுசனை மறுபடி ஊரைவிட்டு அனுப்புவதா? சனியன் பிடித்த சூடும் சரியாக அந்த நேரம் பார்த்து ஏறியது.

"அவரை விடுங்கோ. நான்தான்," என்று எழும்பினாள். "எனக்குத் தீட்டு நிக்கிற வயசு. உடம்பு பத்தி எரியுது. ஒவ்வொரு நாளும் ஐஸ் அறைக்குள்ள போய் இருக்கிறனான், கதவையும் திறந்து விடுறனான். ஆரையும் நிப்பாட்டுறதெண்டால் என்னை நிப்பாட்டுங்கோ."

ஆம்பிளையள் எல்லோரும் கூரைத் தகரத்தை எண்ணுவதுபோல அண்ணாந்து பார்த்தார்கள். சிவலட்சுமிக்கு வெட்கம் ஒருபக்கம், பாரம் இறங்கிய ஆறுதல் ஒருபக்கம்.

ஆதம்பாவா செருமினார். "அது சரி பிள்ளை. ஒராள் கொஞ்சநேரம் போய் இருந்ததுக்கு அரைவாசி ஐஸ் உருகுமோ?"

இராசம்மா தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தாள்.

"ஒராளெண்டு ஆர் சொன்னது, தலைவர்? கரைவலைக்குப் போல, இந்த வயசுப் பொம்பிளையள் நாங்களும் முறை வச்சுத்தான் ஐஸ் அறைக்குப் போறனாங்கள். காலமைத் தேத்தண்ணிக்குப் பிறகு இந்தத் தங்கச்சிக்கெண்டு விட்டிருக்கிறம், மத்தியானம் உங்கட மனுசியின்ர முறை."