அராசெலி கவனித்து வருகிறார்

அசுன்சியோன் நகரில் மரணத்தை வென்ற நிறுவனம் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் மருத்துவக் கூட்டுறவுச் சங்கம். பொறாமைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். நான் நம்பியாக வேண்டும். சங்கம் வென்று காட்டியது என் மனைவி அராசெலியின் மரணத்தை.

சங்கத்துக்குக் கிளைகள் பல, கணினிப் பிரிவு ஒன்று. நானும் அவளும் அதில் வேலை பார்த்தோம். கிளைகளில் எது பழுதானாலும் புகார் எழுதுவார்கள். புகாருக்கு ஓர் எண் விழும். அது எங்களில் ஒருவர் தலையில் ஏறும். பழைய காலத்தில், அதாவது போன வருஷம், தன் புகார் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள விரும்பியவர் நேரே எங்கள் அறைக்கு வருவார். நாங்கள் வட்டமாக உட்கார்ந்து தெரெரே குடித்துக்கொண்டிருப்போம். மூலிகை போட்ட ஐஸ் தண்ணீர், ஒரே கொம்புக் குவளை, ஒரே உறிஞ்சுகுழல், ஆள் மாற்றி ஆள். வந்தவருக்கும் ஒரு முறை கிடைக்கும். குடித்து முடித்துத் தன் பிரிண்டரைப் பற்றி விசாரிப்பார். ஒரே குழலில் வாய் வைத்த பிறகு ஒருவருடைய பிரிண்டரைச் சரி செய்யாமல் அனுப்புவது கஷ்டம். இந்தக் காட்டுமிராண்டி முறையில் புகார்கள் தீர்ந்துகொண்டிருந்தன.

இதை ஒழித்தவர் எங்கள் பிரிவுத் தலைவர், எஞ்சினியர் வில்ஃப்ரிடோ ஒட்டோனே. நிறுவனத்தின் அறிவு முழுவதும் ஒரு மாட்டுக்கொம்புக்குள் முடங்கிக் கிடக்கிறது என்று கூட்டத்தில் வருந்தினார். எல்லோரும் கொம்பைப் பார்த்தோம். அது எங்களோடு வேலை பார்க்கும் நிமியாவின் கையில் இருந்தது. அவள் நிதானமாக உறிஞ்சி முடித்து, நிறுவனத்தின் அறிவை அடுத்தவரிடம் கொடுத்தாள்.

அடுத்த வாரம் வட்டம் தடைசெய்யப்பட்டது. அலுவலக அரட்டைச் செயலிக்குள் ஒரு தானியங்கி குடியேறியது. அதன் முழுப்பெயர் ‘ஒருங்கிணைந்த புகார்நிலை அறிவிப்பு உதவியாளர்’. நாங்கள் கிளி என்போம். சந்தையில் சீட்டெடுக்கும் கிளிக்குச் சூரியகாந்தி விதை போட வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம். அரட்டையில் புகார் எண்ணையோ ஆள் பெயரையோ தட்டினால் போதும், தட்டிய விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிடும்: ‘பொறுப்பாளர் இன்னார். நிலை: கவனித்து வருகிறார். விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார்.’

பலன் உடனே தெரிந்தது. எங்கள் அறைக்கு ஒருவரும் வரவில்லை. முன்பு ஒரு புகாரைத் தீர்க்கப் பழுதைச் சரி செய்ய வேண்டியிருந்தது. இப்போது பழுது இருந்த இடத்திலேயே இருந்தது, கவலை மட்டும் தீர்ந்தது. கிளைகளில் இருப்பவர்கள் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கிளியைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். நம்மை யாரோ கவனித்து வருகிறார்கள் என்ற எண்ணத்தில் வாழ்வதற்கு முன்பெல்லாம் சர்ச்சுக்குப் போக வேண்டும்.

ஒட்டோனே அத்தோடு நிற்கவில்லை. பல்பு எரியவில்லை, காபித்தூள் தீர்ந்தது, லீவு வேண்டும், எதுவானாலும் இனி புகாராகவே எழுத வேண்டும் என்றார். கிளிக்குப் புரிகிற பாஷை அது ஒன்றுதான். அனுமதி பெற்ற விடுப்பில் இல்லாத எவரும் பணியில் இருப்பதாகவே கொள்ளப்படும் என்று ஒரு விதியும் சேர்த்தார். புதிய புகார்கள், ‘இது என் வேலையில்லை’ என்று மறுக்காத ஊழியருக்கு முதலில் போகும். மிக நியாயமான விதி.

கோடையில் டெங்கு வந்தது. அராசெலி மடிக்கணினியை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுக்கையிலிருந்தே வேலை பார்த்தாள். லீவு கேட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்றாள். பதிலுக்கு முன்னால் ஆம்புலன்ஸ் வந்தது.

அடக்கத்துக்கு ஒட்டோனே மலர்வளையத்தோடு வந்தார். என் மாமியார் சுனில்டா ஒன்பது நாள் ஜெபம் நடத்தினார். கடைசி நாள் மேசையில் மெழுகுவர்த்திகளை அணைத்து, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சீப்பா ரொட்டி கொடுத்து, மகளின் ஆன்மாவை முறைப்படி வழியனுப்பினார். ஒன்பதாம் நாளோடு செத்தவர் கிளம்பிவிட வேண்டும். அதுதான் எங்கள் ஊர் விதி. அதை ஒட்டோனேயிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து மாமியார் என்னைத் தேடி வந்தார். எங்கள் சான் லொரென்சோ கிளையில் வேலை பார்க்கும் பெண்ணைச் சந்தையில் பார்த்திருக்கிறார். இவர் அராசெலியின் அம்மா என்று யாரோ சொல்லக் கேட்டு, அவள் மிகுந்த மரியாதையோடு, “உங்க மக நல்லா கவனிச்சுக்குறாங்கம்மா, என் பிரிண்டர் அவங்ககிட்டதான் இருக்கு” என்றாளாம். புதிதாகச் சேர்ந்தவள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

“மாப்பிள்ளை, நான் ஜெபம் முடிச்சு அனுப்பி வச்சவளை யாரு திரும்பக் கூப்பிட்டது?”

“ஆபீஸ்ல அத்தை.”

“உயிரோட இருக்கறப்பதான் அவளைத் தூங்க விடல. இனிமேலாவது விடச் சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். சொல்வதற்கு எங்களிடம் ஒரே வழிதான் உண்டு. மறுநாள் காலை புகார் எழுதினேன்: ‘இறந்துபோன ஊழியர் அராசெலி இன்ஸ்ஃப்ரானின் கணக்கை மூடவும்.’ எண் விழுந்தது. எண்ணைக் கிளியிடம் கொடுத்தேன்.

‘பொறுப்பாளர்: அராசெலி இன்ஸ்ஃப்ரான். நிலை: கவனித்து வருகிறார். விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார்.’

கிளியின் மேல் தப்பில்லை. புதிய ஊழியருக்குக் கணக்குத் திறப்பதும் போகிறவர் கணக்கை மூடுவதும் எங்கள் பிரிவில் அவளுடைய வேலை.

நிமியா என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். அவளுக்கும் அராசெலிக்கும் பள்ளிக்கூடச் சிநேகம். “உன் பொண்டாட்டி இப்பவும் உன்னைவிட வேகமாத்தான் வேலை பார்க்குறா” என்றாள். பிறகு போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

நான் ஒட்டோனேயின் அறைக்குப் போனேன்.

“சார், அராசெலி கணக்கை மூடணும்.”

“புகார் போட்டுட்டியா?”

“போட்டேன். அவகிட்டயே போயிருக்கு.”

“அப்ப சரியான இடத்துக்குத்தான் போயிருக்கு.”

“அவ செத்துட்டா சார்.”

“தெரியாதாப்பா? மலர்வளையத்தை நான்தானே தூக்கிட்டு வந்தேன்.” அவர் குரல் தழுதழுத்தது. நல்ல மனிதர். “ஆனா ஒருத்தர் பொறுப்புல இன்னொருத்தர் கை வைக்கிறது மரியாதை இல்ல. அதுவும் அவங்க இல்லாதப்ப.”

“வேற யாருக்காவது மாத்தி விடுங்க.”

“தாராளமா. மாத்தச் சொல்லி ஒரு புகார் போடு.”

“அது யாருக்குப் போகும்?”

நல்ல கேள்வி என்றார். தானே தட்டினார். கிளி சொன்னதைத் திரையைத் திருப்பிக் காட்டினார். அராசெலிக்குத்தான் போயிருந்தது. “பார்த்தியா, ஒரு செகண்டுகூட ஆகல” என்றார். அவர் கண்ணில் பெருமிதம்.

அராசெலி முன்னேறிக்கொண்டே போனாள். எதையும் மறுக்காத ஊழியர் அவள் ஒருத்திதான் என்பதால் எல்லாக் கிளைகளின் புகாரும் அவளிடம் போய்ச் சேர்ந்தது. கிளி பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் பொறுப்பாளர் பெயரில் ஒரு ‘சேவை’ ஏறும். மூடாத புகாரைப் பற்றித்தான் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள் என்பதால் அவளுடைய சேவைக்கு எல்லையே இல்லாமல் போயிற்று. உயிரோடிருந்த நாங்கள் அவளோடு போட்டி போட முடியவில்லை. நாங்கள் எப்போதாவது ஒன்றைச் சரி செய்து எண்ணிக்கையைக் கெடுத்துக்கொண்டோம்.

ஆண்டு முடிவில் இயக்குநர் குழுவுக்குக் கிளியை நேரில் காட்ட ஏற்பாடாயிற்று. பெரிய திரை வைத்தார்கள். தட்டுவதற்கு என்னை உட்கார வைத்தார் ஒட்டோனே. நான் உட்கார்ந்தால் ‘உருக்கமாக’ இருக்குமாம். வரவேற்புரைக்குப் பிறகு சேவைப் பட்டியல் திரையில் வந்தது. உச்சியில் அராசெலியின் பெயர். பக்கத்தில், பணியில் இருப்பவர்களுக்கான பச்சைப் புள்ளி.

சங்கத் தலைவர் தோன் எமெட்டேரியோ முதியவர், மரியாதை தெரிந்தவர். அவர் எழுந்து நின்றார்.

“யாருப்பா இந்தப் பொண்ணு? வரச் சொல்லுங்க, கை குடுக்கணும்.”

ஒட்டோனே தொண்டையைச் செருமினார். “அவங்க இப்ப கவனிச்சுட்டு இருக்காங்க சார்.”

“ரெகோலெட்டாவுல இருக்கா” என்றாள் நிமியா, பின்வரிசையிலிருந்து.

“அங்க நமக்குக் கிளை இருக்கா?”

“இல்ல சார். அது கல்லறைத் தோட்டம்.”

தோன் எமெட்டேரியோ உட்கார்ந்துவிட்டார். ஒட்டோனே அவசரமாக என் பக்கம் திரும்பி, கிளியிடம் எதையாவது கேட்டுக் காட்டும்படி சொன்னார். எது வேண்டுமானாலும் கேள், அதற்குத் தெரியாதது கிடையாது என்றார்.

உண்மைதான். அராசெலியிடம் என்னென்ன இருக்கிறது என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அராசெலி என்ன கேட்டாள் என்று ஒருவரும் கிளியைக் கேட்டதில்லை. நான் அதைத் தட்டினேன்.

‘ஒரு புகார் உள்ளது. கொடுத்தவர்: அராசெலி இன்ஸ்ஃப்ரான். வகை: கோளாறு. பழுதான சாதனம்: ஊழியர். விவரம்: கடும் காய்ச்சல். டெங்குவாக இருக்கலாம், எழுந்திருக்கக் கூடாது என்கிறார் டாக்டர். மூன்று நாள் விடுப்பு வேண்டும். பொறுப்பாளர்: எஞ்சினியர் வில்ஃப்ரிடோ ஒட்டோனே. நிலை: கவனித்து வருகிறார். விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார்.’

கிளியின் வேகத்துக்கு யாரும் கைதட்டவில்லை. தோன் எமெட்டேரியோ உதடு அசைய ஒரு முறை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“கவனிச்சீங்களா?” என்று ஒட்டோனேயைக் கேட்டார்.

இயக்குநர் குழு முன்னால் கடமை தவறுகிறவர் அல்ல ஒட்டோனே. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் உடனே வந்தது: ‘அனுமதிக்கப்பட்டது. உங்கள் புகார் தீர்ந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?’

அராசெலியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி அணைந்தது. அவளிடம் சேர்ந்திருந்த புகார்களெல்லாம் எங்கள்மேல் கொட்டின. அறையில் இருந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. சான் லொரென்சோ பிரிண்டர் நிமியாவுக்கு விழுந்தது. கணக்கை மூடும் புகார் எனக்கு. நான் அதைத் திறப்பதற்குள் கிளி ஒரு குறிப்பை ஒட்டிவிட்டது: ‘விடுப்பில் உள்ள ஊழியரின் கணக்கை மூட இயலாது.’

சாயங்காலம் மாமியார் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்லவும் மறந்து கேட்டார்.

“விட்டுட்டாங்களா மாப்பிள்ளை?”

“மூணு நாள் லீவு குடுத்திருக்காங்க அத்தை. திங்கக்கிழமை திரும்பி வரணுமாம்.”

அவர் கதவை அகலத் திறந்து எனக்கு வழிவிட்டார்.

“அவ கேட்டதும் அந்த மூணு நாள்தானே” என்றார்.