கிளாக்வைஸ்

"கிளாக்வைஸ்!" என்று ஜீப்பின் வலது பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி கத்தினார் ஜேசுராஜ்.

"ஆன்டி-கிளாக்வைஸ்!" என்று அந்தப் பக்கம், இடது சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்த நாராயணஸ்வாமி குரல் கொடுத்தார்.

ராணுவ ஏலத்தில் ஜேசுராஜ் எடுத்த வண்டி. அதன் ஒரே பெருமை பின்னால் இருந்த லிமிடெட் ஸ்லிப் டிபரன்ஷியல். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் மற்றது பிடித்து இழுக்கும். வண்டியைத் தூக்கி நிறுத்தி ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றதும் அதே பக்கம் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற உள் பிளேட்டுகள் காலி.

சனிக்கிழமை மகள் ஆக்னஸுக்குக் கல்யாணம். எழுபத்துநாலாம் வருஷத்து மழையில், சைனிக்புரியிலிருந்து போலாரம் மாதா கோயிலுக்குப் போகிற பாதையை எருமைகளே வேண்டாமென்று சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தன. பெண்ணை இந்த ஜீப்பில்தான் கொண்டுவந்து இறக்குவேன் என்று சம்பந்தி வீட்டில் மார்தட்டியாகிவிட்டது.

"பேசாம டாக்ஸி சொல்லிருவோம்ங்க," என்றாள் மனைவி செலின்.

"வாடகை வண்டியில ஏத்தவா பொண்ணைப் பெத்தேன்?"

ஜன்னலில் நின்ற ஆக்னஸ், "டாடி, ஒரு விஷயம்..." என்றாள்.

"நக்கோம்மா, இப்ப வேணாம், கையெல்லாம் கிரீஸு. அப்புறம்."

நண்பர்கள் இருவரும் ஒரே பொதுத்துறை ஆலையில் பரிசோதனைப் பிரிவு. ஒருவர் சோதிக்க, இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்; எழுந்துபோய் எட்டிப்பார்ப்பது சக ஊழியரை அவமதிப்பது. இது அந்தப் பிரிவின் வேதம். வீட்டிலும் மீறவில்லை.

டிபரன்ஷியல் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. பிளேட்டுகளை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, செலினின் பிரியாணி தேக்சாவில் கியர் ஆயில் ஊற்றி வேகவைத்தார்கள். அந்த வாசனைக்குத் தெருநாய்கள் அடுத்த ஊரான அல்வாலுக்குக் குடிபெயர்ந்தன.

மாட்டினார்கள்.

"கிளாக்வைஸ்!"

"ஆன்டிதான் ஓய்!"

"இன்னும் இறுக்கணும்வே," என்ற ஜேசுராஜ், பிஸ்கட் டின்னை வெட்டிப் பிளேட்டுகளுக்குப் பின்னால் அண்டை கொடுத்தார். வெள்ளோட்டத்தில் வண்டி திரும்ப மறுத்தது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தும், பக்கத்து வீட்டுக் கர்னலின் முன்வாசலில் நுழைந்து, ரோஜாத் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, பின்வாசல் வழியே மரியாதையாக வெளியேறியது. கர்னல் சல்யூட் அடித்தாரா, கையை ஓங்கினாரா என்று பார்க்க அவகாசமில்லை.

மறுபடி தூக்கி நிறுத்தினார்கள்.

"கிளாக்வைஸ்!"

"சொன்னா வருத்தப்படுவீர்."

"டாடி, நான் சொல்றதை..."

"கல்யாணப் பொண்ணு வெயில்ல நிக்கப்பிடாது. உள்ள போ."

வெள்ளிக்கிழமை ஜேசுராஜ் ஒரு முடிவுக்கு வந்தார். "இறுக்கினா கேக்கமாட்டேங்குது. தளத்திப் பாப்போம்." டின் துண்டுகளோடு பிளேட்டுகளையும் மொத்தமாக உருவியெடுத்தார். செலின் அவற்றின்மேல் சோற்றுப்பானையை இறக்கிவைத்தாள்.

"கிளாக்வைஸ்!"

அந்தப் பக்கம் நாராயணஸ்வாமி துள்ளிக் குதித்தார். "கிளாக்வைஸ், ஓய்! கிளாக்வைஸ்!"

இருவரும் கிரீஸோடு கட்டிக்கொண்டார்கள். "மிச்சமாயிருக்கிற சாமானெல்லாம்?" என்று கேட்டாள் செலின்.

"அதெல்லாம் வெள்ளக்காரன் ஆடம்பரத்துக்கு வச்சது."

சனிக்கிழமை காலை, மணப்பெண்ணோடு ஜீப் சேற்றில் இறங்கியது; அங்கேயே குடியேறியது. வலது சக்கரம் பேய்போல் சுழன்று, முன்சீட்டிலிருந்து இறங்கிய நாராயணஸ்வாமிக்குத் தலைமுதல் கால்வரை பூசிவிட்டது. இடது சக்கரம் கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவுபோல் அசையாமல் இருந்தது. தூரத்தில் கோயில் மணி அடித்தது.

பின்னாலேயே ஒரு டாக்ஸி வந்து நின்றது. செலின் வியாழக்கிழமையே சொல்லிவைத்திருந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாறி ஏறிய ஆக்னஸ், எருமைகளின் சுற்றுவழிக்கு வண்டி திரும்பும்போது ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"அதைத்தான் டாடி அன்னிக்கே சொல்ல வந்தேன்: நீங்களும் அங்கிளும் எதிரெதிரா உட்காந்துல்ல பாத்தீங்க, ரெண்டு சக்கரமும் ஒரே பக்கம் சுத்தினா உங்களுக்கு கிளாக்வைஸு, அவருக்கு ஆன்டி-கிளாக்வைஸு, மொத நாளு வண்டி நல்லாத்தான் இருந்துச்சு!"