பூவனநாதனின் கழலாத் திருகு

"காதை இன்னும் கொஞ்சம் சாய்ங்கம்மா."

நகை ஆசாரி பூவனநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வெயிலுகந்தம்மாளின் தலைமேல் முக்காடாகப் போட்டு, உள்ளே கையை விட்டார். அரை நிமிடத்தில் தோடு கையோடு வந்தது.

"எப்படித்தான் கழத்துதீயளோ! எம் மவன் குறடு வச்சுக்கூடப் பாத்துட்டான்."

"அது தொழில் ரகசியம்."

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். கூலி என்ற பேச்சே எழவில்லை.

கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும்போது தோட்டுத் திருகு கழன்று நிலவெடிப்பில் விழுந்தால் போனதுதான். அதற்காகவே பூவனநாதன் கழலாத திருகு ஒன்றைச் செய்தார். அதன் முதுகில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை உண்டு. அதில் ஊசியை அழுத்திக்கொண்டு எதிர்ப்பக்கமாகத் திருக வேண்டும். இதைக் கோவில்பட்டியில் வேறு எந்த ஆசாரிக்கும் அவர் சொல்லவில்லை. சொன்னால் தன் மதிப்பு போய்விடும் என்பது அவர் எண்ணம். நாகலாபுரம் முதல் எப்போதும்வென்றான் வரை சுற்றுப்பட்டு ஊர்களில் முந்நூறு பேர் காதில் அந்தத் திருகு ஏறிவிட்டது. மாட்டியவர்கள் என்றைக்காவது கழற்றவும் வேண்டுமே! அத்தனை பேரும் அவரிடமே வந்தார்கள்.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அய்யாத்துரையின் மகள் கல்யாணத்துக்குக் கல் பதித்த ஆரம் செய்யும் வேலை அப்போது அவர் கையில் இருந்தது. அவ்வளவு பெரிய வேலை அவருக்கு அதுவரை வந்ததே இல்லை. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். திருகு கழற்ற வரும் கூட்டத்தால் செவ்வாய் ஆகியும் பாதிக் கல் டப்பாவிலேயே கிடந்தது.

"நம்ம தெரு ஆசாரி பெருமாள்சாமி அண்ணாச்சிக்கும் சொல்லிக் குடுங்களேன். பாதிக் கூட்டம் அங்கன போயிரும்லா?" என்றாள் மனைவி சொர்ணத்தாய்.

"ஏட்டி, மண்டைய உடைச்சுக் கண்டுபிடிச்சவன் நானு. அவன் சும்மா வாங்கிட்டுப் போவானா?"

அதற்குப் பதிலாக, 'திருகு கழற்றும் நேரம் மாலை 5 – 6' என்று அட்டை எழுதி மாட்டினார். தீப்பெட்டி ஆபீஸ் விடும் நேரமும் அதுதான் என்பதை மனிதர் யோசிக்கவில்லை. வேன் வேனாக வந்து இறங்கினார்கள். விளக்கு வைத்த பிறகும் வரிசை குறையவில்லை.

புதன்கிழமை அதே அட்டையில் 'கூலி பத்து ரூபாய்' என்று சேர்த்தார்.

"அரை நிமிச வேலைக்குப் பத்து ரூவாயா?" என்று முத்துச்செல்வி என்ற பெண் சண்டைக்கு வந்தாள். "பூட்டுனது யாரு? நீங்கதான? தொறக்கதுக்கு நாங்க எதுக்குத் துட்டு தரணும்?"

கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. நியாயம் பேசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்தது. கூலியைக் கைவிட்டுத் தோடுகளைக் கழற்றினார்.

வியாழக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு ஆரத்தோடு உட்கார்ந்தார். நாலு கல் பதித்திருப்பார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"அண்ணாச்சி, சீக்கிரம் வாங்க! எங்கம்மாவுக்கு ஆபரேசன்" என்று அதிலிருந்து இறங்கிய அஃப்ஜல் கதவை இடித்தான். "தோட்டக் கழத்தாம உள்ள விடமாட்டேன்னு நர்சம்மா சொல்லுதாவ. டாக்டர் கையக் கழுவிட்டு நிக்காரு!"

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பச்சை அங்கியை மாட்டி, வாயைக் கட்டி, துண்டைப் பிடுங்கி வெளியே வைத்துவிட்டார்கள். துண்டில்லாமல் எப்படிக் கழற்றுவது?

"எல்லாரும் கொஞ்சம் சுவரைப் பாத்துத் திரும்பி நில்லுங்க" என்றார் பூவனநாதன்.

டாக்டரும் திரும்பி நின்றார். படுத்திருந்த அஃப்ஜலின் அம்மா சைத்தூன் பீவி, "நானும் கண்ண மூடிக்கிடணுமா ஆசாரி?" என்று கேட்டார்.

வீடு திரும்பியபோது பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு அய்யாத்துரையின் போன் வந்திருந்தது. நாளை மாலைக்குள் ஆரம் வராவிட்டால் வேலை பெருமாள்சாமிக்குப் போய்விடுமாம். பூவனநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. ரகசியமாவது ஒன்றாவது! ஊசியையும் ஒரு திருகையும் எடுத்துக்கொண்டு நாலு கடை தள்ளியிருந்த பெருமாள்சாமியிடம் ஓடினார்.

"இனிமே ஆள் வந்தா நீங்களே கழத்தி விட்டுருங்க. எல்லா ஆசாரிக்கும் சொல்லிக் குடுக்கப் போறேன்" என்று மூன்று முறை செய்து காட்டினார்.

பெருமாள்சாமி கையைக் கட்டிக்கொண்டு, "ஓகோ... அப்படியா அண்ணாச்சி" என்று தலையை ஆட்டினார்.

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி முப்பிடாதி டம்ளரை நீட்டியபடி சொன்னாள்:

"இதப்போயி புதுசாச் சொல்லுதீங்களே அண்ணாச்சி! தெருவுல எல்லா ஆசாரிக்கும் இது ரெண்டு வருசமாத் தெரியும்; எவளும் கூலி தரமாட்டாளேன்னுதான், 'எங்களுக்குத் தெரியாது'ன்னு சொல்லி ஒங்ககிட்டயே அனுப்பிக்கிட்டு இருக்காவ!"