வலைக்கு மூன்று வேர்கள்

என் கணவர் கூடத்தில் உட்கார்ந்து மீன்வலையின் கிழிசலை அடைத்துக்கொண்டிருக்கிறார். நான் வலை ஊசியில் நூல் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளியாயிற்று. வலையின் ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறுமுனை அவர் கால் கட்டைவிரலில். மூன்று மணிக்குப் படகு. போன வாரம் இதே கிழிசலால் வலையைப் படகில் ஏற்றவில்லை. இன்றும் அப்படியானால் இவர் இடத்துக்கு வேறு ஆள் என்று படகுக்காரர் சொல்லியனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்ட நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நூல் ஏற்றுவதுதானே மனித இயல்பு? என்ன செய்வது, நான் மனித இனத்திலேயே ஒரு தனி வகை. வேர்தோண்டி. செடிக்கு அல்ல, சொல்லுக்கு.

எங்களை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எங்களிடம் கத்தி கேட்டால் கத்தி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்வோம், கத்தி வராது. பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், கல்யாணப் பந்தியில், எங்கே ஒரு காது சும்மா இருந்தாலும் "உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பிப்போம், "தெரியும்" என்று நீங்கள் சொன்னால் எங்களுக்கு அது மட்டும் கேட்காது. ஆதாரமா? "சொல்லிப் பாத்தாலே தெரியலையா?" அதுதான் ஆதாரம். வீட்டில் தடித்த அகராதி ஒன்று இருக்கிறது. திறப்பதில்லை. திறந்தால் பாதி வேர் பட்டுப்போகும்.

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் குமாஸ்தாக்கள் முறைவைத்துக்கொண்டு டீ குடிக்கப் போகிறார்கள், என்னோடு ஒரே ஆள் தினமும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், 'இழவு' என்பது 'இழத்தலில்' இருந்து வந்தது என்று விளக்கினேன். அழுதுகொண்டிருந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். ஆறுதல் அடைந்துவிட்டார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

"நேரம் பத்தாது. இந்த ஓரத்துல ஒரு முழம் நீ போட்டுடு" என்று கணவர் ஒரு மூங்கில் பட்டையை நீட்டினார். "பட்டையில நூலைச் சுத்தித்தான் முடிச்சுப் போடணும். அப்பதான் எல்லாக் கண்ணும் ஒரே அளவா வரும். தெரியும்ல?"

தெரியும். ஆனால் கண் என்று சொல்லிவிட்டாரே!

"ஏங்க, வலையில இருக்கிற ஓட்டைக்குப் போய்க் கண்ணுன்னு பேரு வெச்சிருக்காங்களே, யோசிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"கண்ணுலேருந்துதான் கண்ணி வந்துது. பறவை பிடிப்பாங்களே, அந்தக் கண்ணி."

"நூலு."

கொடுத்தேன். "தூண்டில்கூட அப்படித்தான். மீனைத் தூண்டுது பாருங்க, அதனால தூண்டில்."

"மீனை யாரும் தூண்ட வேணாம். அது பசிக்குக் கடிக்குது."

"வலைக்கு மட்டும் நான் மூணு வேர் வெச்சிருக்கேன். வளையறதால வலைன்னு ஒண்ணு..."

"மிச்சம் ரெண்டையும் நான் கரைக்கு வந்தப்புறம் சொல்லு தாயே. இப்ப முடிச்சைப் போடு."

போட்டுக்கொண்டுதான் இருந்தேன். மீன் வந்து சேருகிற பைக்கு 'மடி' என்று பெயர் வைத்தவன் எவ்வளவு பெரிய கவியாக இருந்திருக்க வேண்டும் என்றும், 'மிதவை' மிதப்பதால் வந்ததென்றால் 'தக்கை' எதனால் வந்திருக்கும் என்றும் பேசிக்கொண்டே, இவர் பதிலே சொல்லாத அளவுக்கு ஆழ்ந்து கேட்கிறார் என்ற பூரிப்பில், ஒரு முழத்தையும் முடித்துவிட்டேன். பட்டை? அது பேச்சு முழுக்க என் இடது கையில் நின்று, ஒவ்வொரு சொல்லுக்கும் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தது. முடிச்சுகளைக் கண்மதிப்பில் போட்டிருக்கிறேன்.

அதே படகில் போகும் கொழுந்தன் ஓடி வந்தான். "அண்ணே, எஞ்சின் போட்டாச்சு! வலை ரெடியா?"

கணவர் என் முழத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கண்ணுக்குள் அவர் கை முழங்கைவரை போயிற்று. அடுத்ததில் சுண்டுவிரல் நுழையவில்லை.

"இப்படியே ஏத்திடலாமாண்ணே?"

"படகுக்காரரு விரிச்சுப் பாக்காம ஏத்த மாட்டாரு. அறுத்துட்டு மறுபடி போட அரைமணி ஆகும். நிப்பாங்களா?"

"அஞ்சு நிமிஷம்கூட நிக்க மாட்டாங்க."

"அப்ப நீ போ. உன் இடத்தையாவது பாத்துக்க."

அவன் என்னைப் பார்த்தான். "என்ன அண்ணி நீங்க!" என்றான், ஓடிவிட்டான். சிறிது நேரத்தில் எஞ்சின் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது, அப்புறம் தேய்ந்தது, அப்புறம் இல்லை.

கணவர் கட்டைவிரலில் இருந்து வலையைக் கழற்றினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். என் முகத்தையே பார்த்தார். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அவரும் அதற்காகத்தான் காத்திருந்தார். வாயைத் திறந்தேன்.

"மன்னிப்புங்கிறது தமிழ்ச் சொல்லே இல்லைன்னு சில பேர் சொல்றாங்க, தெரியுமா?"

சிரிக்காதீர்கள். தமிழ்தானா இல்லையா என்று ஒரு விநாடி நீங்களும் யோசித்தீர்களா இல்லையா? யோசித்திருந்தால், உங்கள் வீட்டில் யாருக்கு என்ன வேலை பாதியில் நிற்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள்.

அவர் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏங்க?" என்றேன். சுவரோர நாற்காலிகளைக் கடந்து, கூடத்தைவிட்டு வெளியே போனார்.