எமனுக்கு அடைத்த யன்னல்

இந்த வைகாசியில் மாங்குளத்துத் திருவிழா கோயிலில் நடக்கவில்லை. பெருந்தெருவோரம் புதிதாகக் கட்டி விற்பனைக்கு விட்டிருந்த வீடுகளில் நடந்தது. கரண்ட் இல்லாமலே வீட்டைக் குளிரவைக்கும் செப்புத் தகட்டோடு சதீஸ் சுவாமி அங்கே எழுந்தருளியிருந்தார். ஓமந்தை, துணுக்காய் எங்குமிருந்து சனம் அள்ளுப்பட்டு வந்தது.

சுவாமியின் விதி சுலபமானது. தெற்கு எமனின் திசை. தெற்கு யன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டுத் தகட்டை வைத்தால் வீடு மலைநாட்டு நுவரெலியா மாதிரிக் குளிரும். சந்தேகப்பட்டவர்களை, வாங்க வருவோருக்குக் காட்டவென்று வைத்திருந்த மாதிரி வீட்டுக்குள் அழைத்துப் போவார். பட்டுத் திரைக்கு முன்னால் தகடு வீற்றிருக்கும். உள்ளே உண்மையாகவே குளிரும். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தகடு வாங்கி யன்னல் அடைத்தவர்கள் வீட்டுக்குள் அவிந்தபடி, தங்கள் பக்தியில்தான் ஏதோ குறை என்று நம்பினார்கள். மேசன்மாருக்கு மட்டும் அருள் உடனே கிடைத்தது.

சுமனும் நிரோஜாவும் மாதிரி வீட்டுக்குப் பக்கத்து வீட்டை வாங்க வந்திருந்தார்கள். தகரக் கொட்டில் வெக்கையில் அவர்களுடைய கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பிள்ளை இந்த வீட்டிலாவது நித்திரை கொள்ளுமா என்பதுதான் நிரோஜாவின் கவலை. சுமனோ சுவாமியின் பேச்சில் கரைந்து, யன்னலை அடைக்கக் கல்லும் சீமெந்தும் இறக்கிவிட்டான்.

நிரோஜா பணிவாகத்தான் கேட்டாள்.

"சாமி, அந்தத் தகட்டை இந்த வீட்டுக்குள்ள ஒருக்கா வையுங்கோ. குளிர்ந்தால் உடனயே யன்னலை அடைக்கிறம்."

தகட்டை அசைத்தால் அது கோபிக்கும் என்றார் சுவாமி. இரண்டாவது அற்புதத்துக்கு ஆசைப்பட்ட பக்தர்கள் கேட்கவில்லை. அரோகரா சொல்லித் தாங்களே தூக்கி வந்துவிட்டார்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் தகட்டைச் சுற்றி நின்று எல்லோரும் வேர்த்து வடிந்தார்கள்.

நிரோஜா, சுவாமியின் மாதிரி வீட்டுக்குத் திரும்பிப் போனாள். தகடு போயும் அங்கே குளிர் போகவில்லை. பட்டுத் திரையை விலக்கினாள். பின்னால் தெற்கு யன்னல் அகலத் திறந்து கிடந்தது. தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முகத்தில் அடித்தது.

"எமன் உங்கட வீட்டுப் பக்கம் வாறேல்லையோ, சாமி?"

சுவாமிக்கு அவசர பூசை ஒன்று நினைவுக்கு வந்தது. மோட்டார் சைக்கிள் வவுனியாப் பக்கம் பறந்தது.

பக்கத்து வீட்டின் தெற்கு யன்னலை நிரோஜா திறந்தாள். சற்று நேரத்தில் பிள்ளை உறங்கிவிட்டது. சுமன் சத்தமில்லாமல் கல்லைத் திருப்பி வண்டியில் ஏற்றினான்.

சனத்துக்குப் புத்தி வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அன்று மாலையே இரண்டு பேர், சுவாமி அடுத்து எந்த ஊருக்கு வருவார் என்று விசாரித்தார்கள். ஐயாமாரே, எமனுக்கு யன்னல் தேவையில்லை; காற்றில்லாத வீட்டுக்குள் அவன் முன்வாசலாலேயே வருவான். யன்னலில் அடைத்த கல்லை மேசன் இடித்துத் தருவான். மண்டையில் அடைத்ததை நீங்கள்தான் இடிக்கவேண்டும்.