தேவகனி லீவில் போனாள்

மனுஷரில் ஒரு வகை உண்டு. "நான் ஒரு நாள் இல்லையென்றால் இங்கே எல்லாம் கவிழ்ந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டே நடமாடுகிற வகை. ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. ஆபீஸிலும் உண்டு, அடுக்களையிலும் உண்டு. காய்ச்சல் வந்தால் படுக்க மாட்டார்கள். படுத்தால் தூங்க மாட்டார்கள். தப்பித் தவறித் தூங்கினாலும் கனவில் யாரையாவது அதட்டி, பக்கத்தில் படுத்தவரை எழுப்பிவிடுவார்கள். இவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி? ரொம்பச் சுலபம். "கொஞ்சம் உட்காருங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களை முறைப்பார்கள்.

இந்த வகையில் இரண்டு மூன்று பேரைக் கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன். ஒருத்தியைக் கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன். அவளைப் பற்றி இங்கே பேச வேண்டாம், கோபக்காரி. தேவகனியைப் பற்றிப் பேசுவோம்.

தேவகனி, தூத்துக்குடியில் ஒரு நிலாவாரைக் கிட்டங்கியில், அதாவது இலைக் கோடவுனில், கங்காணி. நிலாவாரை எதற்கென்று உங்களுக்குத் தெரியாவிட்டால், நீங்கள் கொடுத்துவைத்த வயிற்றுக்காரர். காட்டிலிருந்து இலை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுளகில் புடைத்து, காம்பு தனி, காய் தனி, பழுப்பு தனி என்று பிரிப்பார்கள். அது பொதியாகி, வள்ளத்தில் ஏறி, கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நிற்கிற கப்பலுக்குப் போய், அங்கிருந்து சீமைக்குப் போய், துரைமார் வயிற்றைக் கழுவும். ஒரு பிடி இலையைக் கசக்கி மோந்து பார்த்தே, "இது மழையில நனைஞ்சு காஞ்சது" என்று தேவகனி சொல்லிவிடுவாள். மூக்கு அப்படி.

வாய் அதைவிட. எந்தப் பெண்ணாவது பக்கத்துப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும்:

"கை வேல செய்யும்போது வாய்க்கு என்னளா வேல?"

கிட்டங்கி கப்சிப். புருஷனை அடக்கம் பண்ணிய மறுநாள் காலையிலேயே வேலைக்கு வந்து நின்றவள் அவள். "இன்னைக்குமா வந்திய?" என்று கேட்டவர்களிடம், "அவருக்குத்தான் லீவு, எனக்கா?" என்றாள்.

ஆனால் ஊருலகத்து வயிற்றையெல்லாம் இளக்குகிறவளுக்குத் தன் வயிறு இளகவில்லை. கப்பல் வருகிறது என்றால் வயிற்றில் ஒரு முடிச்சு விழும். வரவில்லை என்றால் இன்னொரு முடிச்சு. கிட்டங்கி இலையையே காய்ச்சிக் குடித்துப் பார்த்தாள். இலை தோற்றது. கடைசியில் டாக்டர் சொன்னார்: "மருந்து வேண்டாம். வேலையை மறந்து ஒரு வாரம் எங்கேயாவது போய் இரு."

முதலாளி ஜக்கரிய்யா காயல்பட்டினத்துக்காரர், நிதானமான மனுஷர், ஒரு முடிவுக்கு மூன்று நாள் யோசிப்பவர். லீவு கேட்டதும், "போயிட்டு வா" என்றார். அப்படியே, யோசிக்காமல். தேவகனிக்குச் சுருக்கென்றது. கேட்ட உடனே கொடுக்கிறாரே, ஏன்? என் இடத்தை முத்துக்கனிக்குக் கொடுக்கப் பார்க்கிறாரோ?

முத்துக்கனி அவளுக்கு அடுத்தபடி ஆள். பஸ் நிற்கிற இடம் வரை வந்தாள்.

"ஏளா முத்துக்கனி, இலைய வெயில்ல போட்டுராத."

"சரிக்கா."

"நிழல்லயும் ரொம்ப நேரம் போடாத."

"சரிக்கா."

"எல்லாத்துக்கும் சரி சரிங்கியே, மண்டையில ஏறுதா?"

"ஏறிட்டுக்கா. நீங்க பஸ்ஸுல ஏறுங்க."

யுத்தம் முடிந்தும் பெட்ரோல் வராத காலம். முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமி இருமிக் கிளம்பியது பஸ். முத்துக்கனி கையை ஆட்டினாள். கை கழன்று விழுந்துவிடும் போல ஆட்டினாள்.

குலசேகரன்பட்டினத்தில் அக்காள் மகள் பிளாரன்ஸ் இருந்தாள். சித்திக்குக் கடலைப் பார்த்துப் பாய் விரித்துக் கொடுத்தாள். தேவகனி காலை நீட்டி உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம்? ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம். அதற்குள் பிளாரன்ஸின் புளிப்பானை கண்ணில் பட்டுவிட்டது. பழைய புளி தனி, புதுப்புளி தனி, கோது தனி. பிறகு பிளாரன்ஸின் புருஷன் சுந்தர்சிங்கின் கடை. அவன் மதியம் தூங்கி எழுவதற்குள் கருவாட்டுக் கூடை பெரியது, சின்னது, உடைந்தது என்று மூன்றாகியிருந்தது.

"அத்த, என்ன காரியம் செஞ்சிய! கலந்து வச்சாத்தான ஒடஞ்சது விக்கும்?"

"அது யாவாரமா வே? ஏமாத்து!"

"ரெண்டும் ஒண்ணுதான் அத்த. நான் கட வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அக்கம்பக்கத்துப் பெண்கள் அரிசி புடைத்தபடி பிளாரன்ஸோடு பேச வருவார்கள். "கை வேல செய்யும்போது..." என்றாள் தேவகனி. மறுநாள் யாரும் வரவில்லை. பிளாரன்ஸ் தனியாக உட்கார்ந்து அரிசி புடைத்தாள். லீவு என்றால் இதுதான் என்று நினைத்தீர்களா? இல்லை. இது வார்ம் அப் கூட இல்லை. அசல் லீவு சாயங்காலம் பஸ் வரும்போதுதான் ஆரம்பிக்கும்.

"ஏலே இசக்கியப்பா, கிட்டங்கிப் பக்கம் போனியா? என்ன சேதி?"

கண்டக்டர் இசக்கியப்பன் நல்ல பையன். "ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் நல்லா நடக்கு" என்பான்.

தேவகனியின் வயிற்றில் ஒரு முடிச்சு விழும். "நல்லாவா நடக்கு? நல்லாப் பாத்தியால? பொதி சரிஞ்சு கிடக்கா? எங்கயும் புகை கிகை..."

"என்னக்கா, தீப்பிடிக்கணும்னு கேக்கிய போலிருக்கு?"

"சீ! ஒரு அக்கறையில கேட்டேன்."

இப்படியே தினமும். கடைசியில் ஒரு நாள் பஸ் வருவதற்கு முன்பே சுந்தர்சிங் எதிரே போய், இசக்கியப்பன் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தான். ஒரு சுருட்டும் கைமாறியது. அன்று இசக்கியப்பன் இறங்கும்போதே தலையில் கை வைத்துக்கொண்டு இறங்கினான்.

"யக்கா, கிட்டங்கி கிடக்க கெடயப் பாக்க முடியல. காம்பும் காயும் ஒண்ணாக் கெடக்கு. முதலாளி நெத்தியப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காவ. எல்லாரும் ஒங்களத்தான் தேடுதாவ."

"அய்யய்யோ!" என்றாள் தேவகனி. முகம் மலர்ந்துவிட்டது. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டாள். மறுநாள் காலையில், இலையால் முடியாதது, டாக்டரால் முடியாதது, கடற்காற்றால் முடியாதது, ஒரு கெட்ட சேதியால் முடிந்தது. வயிறு இளகியது. புதுப்பொண்ணு மாதிரி பஸ் ஏறினாள். பிளாரன்ஸும் சுந்தர்சிங்கும் கையை ஆட்டினார்கள். நன்றாகவே ஆட்டினார்கள்.

கிட்டங்கி வாசலில் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே கேட்டிராத சத்தம். சிரிப்பு. ஒருத்தி மாமியாரைப் போலப் பேசிக் காட்டுகிறாள், மற்றவர்கள் சிரிக்கிறார்கள், சுளகுகள் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கின்றன. காம்பு தனி. காய் தனி. பழுப்பு தனி. பொதிகள் கட்டி அடுக்கியாகிவிட்டது.

அவளைக் கண்டதும் சிரிப்பு நின்றது. வயிற்றில் முடிச்சு விழுந்தது.

முதலாளி வெளியே வந்தார். "அதுக்குள்ள வந்திட்டியா?"

தேவகனி சுற்றி வளைக்கவில்லை. "என் எடம் முத்துக்கனிக்கா முதலாளி? சொல்லிருங்க. நான் போயிருதேன்."

ஜக்கரிய்யா புது மூட்டை ஒன்றிலிருந்து ஒரு பிடி இலையை எடுத்து நீட்டினார். தேவகனி கசக்கினாள், மோந்தாள்.

"போன வருசத்து இல கலந்திருக்கு. யாரு வாங்குனது இத?"

"நான்தான். முத்துக்கனியும் நல்லாருக்குன்னுதான் சொன்னா. ஒன் மூக்கு இல்லாம இந்தக் கிட்டங்கி நடக்காது, தேவகனி."

எப்பேர்ப்பட்ட வார்த்தை! தேவகனி ஓரடி உயர்ந்தாள். மூச்சை இழுத்தாள். முத்துக்கனி பக்கம் திரும்பி, இத்தனை நாளாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் அவிழ்க்க வாயைத் திறந்தாள்.

முதலாளி கையை உயர்த்தினார். அதே நிதானம்.

"மூக்கு வேல செய்யும்போது வாய்க்கு என்ன வேல?"

ஒரு நிமிஷம் சுளகுகள்கூட நின்றன. மூலையில் யாரோ ஒருத்தி பொங்கிவிட்டாள். அப்புறம் கிட்டங்கி முழுதும்.

தேவகனியும் கூடச் சிரித்தாள் என்று நான் எழுதினால் நம்பாதீர்கள். சிரிக்கவில்லை. மூட்டையோரம் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை பிடி பிடியாக மோந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாழ்க்கையில் நிஜமாக எடுத்த லீவு அந்த ஒரு நாள்தான். மறுநாள் காலை அவள் வயிற்றைப் பற்றி டாக்டர் கேட்டிருந்தால் நல்ல பதில் கிடைத்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு, "எங்கள் மேனேஜரை அப்படியே உரித்து வைத்திருக்கிறது" என்றோ, "என் நாத்தனாரேதான்" என்றோ நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் அடுத்த தடவை லீவில் ஊருக்குப் போகும்போது, பஸ் கிளம்பியதும் ஒரு முறை திரும்பி, வழியனுப்ப வந்தவர்கள் கையை எவ்வளவு வேகமாக ஆட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

நான் பார்ப்பதில்லை. எனக்குக் கழுத்து வலி.