சாக்ஸ் போட்ட கதவு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம், வாசற்கதவு ஒன்றைத் தவிர. அங்கே நீயும், உன்னை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் என் தம்பி பெண்டாட்டியும் நலமாக இருக்க வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால், வருஷக்கணக்காகப் படித்த படிப்பை வைத்து நீயே திருத்திக்கொள்.

உன் மாமா வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது ஒரு குமிழ்க் கைப்பிடி அனுப்பினாயே, "முலாம் பூசினது இல்லக்கா, உள்ளயும் வெளியவும் கெட்டிப் பித்தளை" என்று போனில் மார்தட்டினாயே, அதை வந்து கழற்றிக்கொண்டு போ. மாட்டிவிட்ட தச்சர் சும்மா போயிருக்கலாம். "கை படப்பட கறுக்கும் சார், விரல்ல இருக்கற வேர்வைதான் இதுக்கு எமன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், அதட்ட ஆளில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு ஒரு ஆபீஸே கிடைத்துவிட்டது. காலையில் மெல்லிய துணியால் துடைப்பு, மத்தியானம் எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுத் தேய்ப்பு, கழுவிய கையோடு ஈரம் போக ஒற்றி எடுப்பு, எல்லாம் முடிந்ததும் தன் ஆபீஸ் சாக்ஸில் ஒரு ஜோடியைக் குமிழின் இரண்டு பக்கமும் மாட்டிவிடுவார். வருகிறவர்களெல்லாம் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். சிலிண்டர் கொண்டுவருகிறவர் கொடியில் காயும் துணிக்குள் தலையை விட்டு வெளியே வந்து, "ஏம்மா, முன்கதவு ரிப்பேரா?" என்றார். "கதவு நல்லாத்தான் இருக்குங்க, அதுக்குக் காவலுக்கு ஒருத்தர் வந்திருக்காரு" என்றேன்.

இதோடு போயிருந்தால் உனக்கு இந்தக் கடிதமே வந்திருக்காது. எதிர்வீட்டுத் தையல்காரர், "மிஷின் எண்ணெயை லேசாத் தடவி வைங்க சார், காத்து படாது, கறுக்காது" என்று யோசனை சொன்னார். லேசாக என்றால் எவ்வளவு என்று உன் மாமாவுக்கு எந்தக் காலத்தில் தெரிந்தது? இரண்டு பக்கமும் குளிப்பாட்டிவிட்டு, தெருவிலிருந்து பார்த்தால் எப்படி மின்னுகிறது என்று பார்க்க பனியனோடு வெளியே போனார். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. மழையும் பிடித்துக்கொண்டது.

"கதவத் திறடி!"

"உங்க பக்கமும் குமிழ் இருக்கே, திருகுங்க."

"வழுக்குதுடி!"

"இங்கயும் அதே கதைதான். இருங்க, தரை துடைக்கற துணியச் சுத்தித் திருகறேன்."

"ஐயையோ, கீறல் விழும்! மெத்துன்னு துணி இல்லையா?"

"அதெல்லாம் எண்ணெயில ஊறி உங்க தோள்லதான் இருக்கு. பின்பக்கமா சுத்தி வாங்களேன்."

"வீட்டுக்காரன்டி நான்! பின்வாசல் வழியா வருவனா?"

பாவம், தையல்காரர் குடையோடு ஓடிவந்தார். "எனக்கு வேணாங்க, குமிழுக்குப் பிடிங்க" என்றார் உன் மாமா. அவரும் பிடித்தார். கடைசியில் தலையணை உறையைச் சுற்றித் திருகித் திறந்தேன். உள்ளே வந்தவர் முதலில் குமிழைத் துவட்டினார், அப்புறம்தான் தலையை. இப்போது வீடு முழுக்கத் தும்மல். ஆகவே அடுத்த வாரம் வரும்போது ஸ்குரூ டிரைவரோடு வா. எனக்கு என் வாசல் வேண்டும்.

உன் வீட்டுக் கதவெல்லாம் தொட்டவுடன் திறக்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
அக்கா.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. ஃபிரிட்ஜைத் துடைக்க அதிலிருந்த காந்தத்தைக் கையில் எடுத்திருந்தேன். மணி அடித்ததென்று அப்படியே கதவுக்குப் போனால், காந்தம் சாக்ஸுக்கு மேலேயே டப்பென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாதென்று தெரிய உன் காலேஜ் எதற்கு, என் அடுக்களை போதும். சாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். அவர் அழுத்தித் தேய்க்கிற இடத்தில் பூச்சு போய், இரும்பு எட்டிப் பார்க்கிறது. நீ ஏமாந்தாயா, எங்களை ஏமாற்றினாயா என்று நான் கேட்கமாட்டேன். அதை உன் பெண்டாட்டி கேட்பாள். உன் மாமா உள்ளே தும்மிக்கொண்டே நாளைக்கான துணிகளை மடித்துவைக்கிறார், நடுவில் ஏதோ பாட்டு வேறு முணுமுணுக்கிறார். வேலையை விட்ட நாளிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை. எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கண்ணாடி போடாமல் தேய்ப்பதால் அவருக்கு அந்த இரும்பு இன்னும் தெரியவில்லை; கண்ணில் படக்கூடாதென்று இப்போது சாக்ஸ் மாட்டுவது நான்தான். ஸ்குரூ டிரைவரோடு நிஜமாகவே கெட்டியான குமிழ் ஒன்றும் கொண்டு வா, அவர் முடிவெட்டப் போகிற நேரத்தில் மாற்றிவிடலாம். வாசலிலேயே நிற்பேன், காந்தத்தோடு.